பதினான்கு குடும்பங்களும் ஓர் அடிக்குறிப்பும்

டன்பிரே தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் நான் வசிக்கவில்லை என்ற விஷயம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு எனக்குத் தெரியவந்தது. அதற்கு முன் நாற்பத்தாறு வருடமாக அங்கேதான் வசித்துக்கொண்டிருந்தேன். அன்று காலையும் அங்கேதான் பல் விளக்கினேன்.

சொன்னவர் நிரஞ்சன் என்ற உத்தியோகத்தர். ஹட்டனில், மண்சரிவு மீள்குடியமர்வு உப அலுவலகத்தில், மூன்றாம் நம்பர் மேசை. போன நவம்பர் மழையில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலை வெடித்திருந்தது. முதலில் விரல் நுழைகிற வெடிப்பு. தைப்பொங்கலுக்குள் கை நுழைகிற வெடிப்பு. மண்ணைச் சோதிக்கிறவர்கள் வந்து சிவப்புக் கொடி நட்டு, அடுத்த பெரிய மழைக்கு இந்த மேடு நிற்காது என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். வட்டவளைப் பக்கம் சமதரையில் வீடு கட்டி, காணியும் எழுதிக் கொடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு. பட்டியல் வந்தது. டன்பிரே மேற்பிரிவு இருந்தது, நடுப்பிரிவு இருந்தது. எங்கள் பதினான்கு குடும்பங்களைக் காணோம்.

நிரஞ்சன் தன் கணினியை என் பக்கம் திருப்பினார். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறதே, அதில் எங்கள் தோட்டத்தின் பக்கம். கடைசிப் பத்தியில் இப்படி இருந்தது: "கீழ்ப்பிரிவு கைவிடப்பட்டுப் பல ஆண்டுகளாகின்றன. தற்போது இங்கு எவரும் வசிப்பதில்லை."

"சேர், இது பிழை. நான் அங்கதான் இருக்கேன்" என்றேன்.

"அதுக்கு என்ன சான்று?"

"நான்தாங்க சேர்."

அவர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "நீங்க இங்க ஹட்டன்ல தானே நிக்கிறீங்க?" என்றார்.

அடையாள அட்டையை நீட்டினேன். அதில் டன்பிரே தோட்டம், நோட்டன் பிரிட்ஜ் என்று மட்டும்தான் இருந்தது. லயத்துக்கு ஏது விலாசம்? எங்களுக்கு வரும் கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீஸுக்குத்தான் வரும். ஆபீஸிலோ மூன்று பிரிவின் பேர்களையும் ஒரே புத்தகத்தில் எழுதத் தொடங்கிப் பல காலம் ஆகிறது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும் மேற்பார்வைக்காரர் கண்டாக்கையாவுக்கு நாங்கள் எந்தப் பள்ளத்திலிருந்து ஏறி வருகிறோம் என்பது அவசியமில்லை, வந்தால் போதும்.

"யாரும் எழுதலாம்னா, அதை எப்படிங்க சேர் நீங்க நம்புறீங்க?"

"நாங்க நம்பல்ல. வேலைக்கு எடுத்துப் பாவிக்கிறோம், அவ்வளவுதான். ஆடி முடியப் பட்டியல் மூடுது. அதுக்குள்ள அந்த வசனத்தை மாத்திட்டு வாங்க" என்றார் நிரஞ்சன். நல்ல மனிதர். கதவு வரை வந்து வழியனுப்பினார்.

யாரும் திருத்தலாம்தானே, திருத்திவிட்டால் போச்சு என்று நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நஸார் நானாவின் கொமினிகேஷன் கடைக்குப் போனேன். போட்டோ கொப்பி, ரீலோட், விண்ணப்பப் படிவம் நிரப்புதல், எல்லாம் அங்கேதான். நஸார் நானா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, 'தொகு' என்று போட்டிருந்த இடத்தை அமுக்கி, நான் சொல்லச் சொல்ல அடித்தார்: "இங்கு பதினான்கு குடும்பங்கள் வசிக்கின்றன." நான் வாங்கிய சாயத்தண்ணி ஆறவில்லை. நாலே நிமிடத்தில் அந்த வசனம் அழிந்து, பழையது திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. காரணமும் போட்டிருந்தார்கள்: சொந்த ஆய்வு ஏற்கப்படாது.

"தம்பி, நீங்க உங்க வீட்டுல இருக்கிறது ஆராய்ச்சியாம்" என்றார் நஸார் நானா.

சரி, ஆதாரம்தானே கேட்கிறார்கள் என்று மறுபடி எழுதினோம். ஆதாரம்: பூரணி, வயது எழுபத்தொன்று, இரண்டாம் லயம், ஐந்தாம் காம்பரா. பூரணி என்பது எங்கள் அம்மா. நாலு நிமிடம். வெளியிடப்பட்ட நூலோ செய்தியோ மட்டுமே ஆதாரமாகும் என்று பதில் வந்தது.

"உங்க அம்மாவ இன்னும் யாரும் அச்சடிக்கல்லயாம்."

மூன்றாவது தடவை அம்மா காம்பரா வாசலில் கொழுந்துக் கூடையோடு நிற்கிற படத்தை ஏற்றினோம். நாலு நிமிடம். சம்பந்தப்பட்ட ஆளே சம்பந்தப்பட்ட விஷயத்தை எழுதக் கூடாதாம். அத்தோடு மூன்று நாளைக்கு எங்களுக்குத் தடையும் போட்டார்கள். அப்படியானால் நான் வசிப்பதைப் பற்றிச் சம்பந்தமில்லாத எவன் வந்து எழுதுவான் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கோபப்பட்டு யாரைப் பிடிப்பது? அந்தப் பக்கத்தில் ஆளே தெரியவில்லை.

ஆனால் எனக்கு ஒரு தைரியம் இருந்தது. என் அண்ணன்.

கஜேந்திரன் மாஸ்டர் என்றால் ஹட்டனில் தெரியாதவர்கள் குறைவு. எங்கள் லயத்திலிருந்து படித்து ஆசிரியராகி டவுனில் வீடு கட்டிய முதல் ஆள். டன்பிரே பக்கத்தை அந்தக் கலைக்களஞ்சியத்தில் முதன்முதலாக ஆரம்பித்தவரே அவர்தான். ஏழு வருடத்துக்கு முன்னால் அதற்காக மாரியம்மன் கோயில் திருவிழாவில் பொன்னாடை போர்த்தினோம். அவர் அங்கே எழுதுகிற பெயர் 'டன்பிரே மைந்தன்'. அதைப் பெரிய எழுத்தில் அடித்துக் கோயில் வாசலில் பேனர் கட்டினோம். கம்பு நட்டவன் நான்.

போனில் விஷயத்தைச் சொன்னேன்.

"எவனோ எழுதியிருக்கான்டா" என்றார் அண்ணன். "யாரு வேணும்னாலும் எழுதலாம்ல, அதான் அதுல உள்ள வில்லங்கமே. நீ கண்ட எடத்துல கைய வெச்சு கொழப்பாத. மொறையா ஒரு மனு குடு. நான் பாத்துக்கிறேன்."

கொடுத்தேன். எங்கள் மனு ஐந்து அலுவலகம் ஏறி இறங்கி, கடைசியில் ஒரு குழுவாகப் பிறந்தது. திறந்த கலைக்களஞ்சியங்களின் நம்பகத்தன்மையை மதிப்பிடும் விசேட குழு. ஒன்பது பேர். அதில் எட்டுப் பேர் கலாநிதிகள். ஒன்பதாவது ஆள், பிரதேச அறிஞர் என்ற வகையில், எங்கள் அண்ணன்! செய்தி வந்த அன்று கீழ்ப்பிரிவில் பாயாசம் வைத்தோம். சொந்த லயத்துப் பிள்ளையே குழுவில் உட்கார்ந்த பிறகு என்ன கவலை?

குழுவின் அங்குரார்ப்பணம் ஹட்டனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஒரு நாள் கொழுந்து பறிக்கிற வேலையை விட்டுவிட்டுப் பதினாலு வீட்டிலிருந்தும் ஒவ்வோர் ஆள் போனோம். குத்துவிளக்கு ஏற்ற ஒரு மணி நேரம் ஆனது. ஒன்பது பேரும் ஒவ்வொரு திரி ஏற்றவேண்டும், விளக்கில் ஐந்து முகம்தான் இருந்தது. அதற்கு ஒரு உப குழு கூடி, நாலு பேர் மெழுகுவர்த்தி ஏற்றலாம் என்று முடிவாயிற்று.

பிறகு தலைவர் பேசினார்.

"பெரியோர்களே! யாரும் எழுதலாம் என்றால் எவனும் எழுதுவான். ஒருவன் எழுதியதை இன்னொருவன் திருத்துவான். இப்படித் திருத்திக்கொண்டே போனால் கடைசியில் உண்மைக்கு மரியாதை இருக்குமா? எங்கள் குழுவின் சிறப்பு என்னவென்றால், நாங்கள் எழுதியதை யாரும் திருத்த முடியாது. ஆகவே எங்கள் அறிக்கைகளில் பிழை இருந்ததாக இன்றுவரை ஒரு பதிவும் கிடையாது."

கைதட்டினார்கள். நாங்களும் தட்டினோம்.

நம்பகத்தன்மையை அளக்கக் குழு ஏழு அளவுகோல் வைத்திருந்தது. பக்கத்தின் நீளம், அடிக்குறிப்புகளின் எண்ணிக்கை, நடையின் கம்பீரம் என்று போயிற்று. ஏழாவதுதான் முக்கியம் என்று தலைவர் விரலை உயர்த்தினார்.

"ஒரு வசனம் எவ்வளவு காலம் மாறாமல் நிற்கிறது? அதுவே உரைகல். உதாரணத்துக்கு இந்த டன்பிரே பக்கத்தையே எடுப்போம். 'தற்போது இங்கு எவரும் வசிப்பதில்லை' என்ற வசனம் நாலு வருடமாக அசையாமல் நிற்கிறது. யாரோ ஒரு விஷமி மூன்று முறை அதைக் கெடுக்கப் பார்த்திருக்கிறான். மூன்று முறையும் உண்மை நாலே நிமிடத்தில் எழுந்து நின்றிருக்கிறது!"

நான் எழுந்தேன். "ஐயா, அந்த விஷமி நான்தாங்க. நான் அங்கதான் குடியிருக்கேன்."

"கேள்வி நேரம் நிகழ்ச்சி நிரலில் இல்லை" என்றார் தலைவர், ரொம்ப அன்பாக. மேடையில் அண்ணன் தன் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது, அண்ணன் மானத்தை வாங்கிவிட்டேனே என்று.

வைகாசியில் குழு நேரில் வந்து பார்ப்பதாக முடிவாயிற்று. அவர்கள் வருவதற்கு முதல் நாள் அண்ணன் போன் பண்ணினார். சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

"டேய், வர்றவங்க பெரிய பெரிய ஆளுங்க. எல்லாரும் மேல ரோட்டு மொனைக்கு வந்துரணும். ஒரு சுடுகுஞ்சு லயத்துல நிக்கக் கூடாது. அம்மாவையும் தூக்கிட்டு வந்துரு. கொடியில கெடக்கிற துணியெல்லாம் எடுத்துருங்க, பாக்க அசிங்கமா இருக்கும். அடுப்ப அணைச்சுருங்க, பொகை கூடாது. கதவெல்லாம் பூட்டிருங்க. வெளங்குதா?"

நன்றாகவே விளங்கியது. எங்கள் ஆட்களுக்கு இதைச் சொல்லித்தரவும் வேண்டாம். தொரை வந்தாலும் மந்திரி வந்தாலும், வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு வாங்க என்று சொல்வது மரியாதைக் குறைவு. ரோட்டுக்கு ஏறிப்போய் மாலை போட்டுத்தான் கூட்டி வரவேண்டும். வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம், ரத்தத்தில் ஊறிப்போனது. ஆகவே மறுநாள் காலையிலேயே துணிகளை உருவினோம், அடுப்பில் தண்ணீர் தெளித்தோம், பூட்டுப் போட்டோம். அம்மாவுக்கு முழங்கால் ஆகாது. நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் இருநூற்றுப் பன்னிரண்டு படி தூக்கிக்கொண்டு ஏறினோம். நாய்களையும் கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம், வருகிறவர்களைப் பார்த்துக் குரைத்துவிடக் கூடாதே.

மூன்று வேனில் வந்து இறங்கினார்கள். தப்பு முழங்கியது. தலைவருக்கு வீட்டுக்கொன்றாகப் பதினான்கு மாலை. மாலைக்குள்ளிருந்து அவர் கேட்டார்: "கீழே எவ்வளவு தூரம்?"

"இருவது நிமிஷம்ங்க."

"வழியில் அட்டைப்பூச்சி இருக்குமா?"

"மழ நாளுங்க, இருக்கத்தான் செய்யும்."

தலைவர் கலாநிதிகளைப் பார்த்தார். கலாநிதிகள் தங்கள் சப்பாத்துகளைப் பார்த்தார்கள். போகத் தேவையில்லை, ட்ரோன் இருக்கிறது என்று தீர்மானமாயிற்று. அது கீழே போய் எங்கள் லயத்துக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தது. தலைவர் திரையைப் பார்த்தார்.

"ஒருத்தரும் இல்லையே."

"நாங்க எல்லாரும் இங்க இருக்கோம்ங்க" என்றேன்.

"அதைத்தான் நானும் சொல்கிறேன்" என்றார் அவர்.

அம்மா நாற்காலியில் இருந்தபடியே அண்ணனைப் பார்த்துக் கையை ஆட்டியது. "ராசா, சாப்புட்டியாப்பா? மெலிஞ்சு போயிட்ட."

"யார் இந்தம்மா?" என்று தலைவர் கேட்டார்.

"தெரிஞ்சவங்க சேர்" என்றார் அண்ணன்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் குழு உறுப்பினருக்குச் சொந்தபந்தம் இருக்கக் கூடாது என்று ஏதாவது விதி இருக்கும், நமக்காகத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். கேட்டிருக்காது.

ஆனி மாதம் அறிக்கை வந்தது. நூற்றுப்பத்துப் பக்கம், கெட்டி அட்டை. நாற்பத்தோராம் பக்கத்தை நஸார் நானா கொப்பி எடுத்துக் கொடுத்தார். இப்படி எழுதியிருந்தார்கள்: "களப் பரிசோதனையின்போது கீழ்ப்பிரிவின் எல்லாக் கதவுகளும் பூட்டப்பட்டிருந்தன. அடுப்புப் புகை காணப்படவில்லை. துணிக்கொடிகள் வெறுமையாக இருந்தன. நாய்கள்கூட இல்லை. பிரதான பாதையில் சுமார் அறுபது பேர் காணப்பட்டனர். அவர்கள் குழுவை வரவேற்க எங்கிருந்தோ வந்தவர்கள். எனவே, கலைக்களஞ்சியத்தின் இவ்வசனம் மிக உயர்ந்த நம்பகத்தன்மை கொண்டது என உறுதிப்படுத்தப்படுகிறது."

நான் இரண்டு தடவை படித்தேன். துணி. புகை. பூட்டு. அண்ணன் போனில் சொன்ன வரிசை மாறாமல் அப்படியே இருந்தது.

"நானா, அந்தப் பக்கத்துல யாரு எப்ப எழுதுனாங்கன்னு பாக்க ஏலுமா?" என்று கேட்டேன்.

"ஏலும் தம்பி. மேலயே இருக்கு, வரலாறு எண்டு." முதல் நாளிலிருந்தே அது அங்கேதான் இருந்திருக்கிறது. பக்கத்தை ஆரம்பித்தவர் யாரென்று எனக்குத் தெரியும் என்பதால், அதை அமுக்கிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

நஸார் நானா அமுக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். திரையை என் பக்கம் திருப்பினார்.

நாலு வருடத்துக்கு முன்னால், பங்குனி மாதம், 'தற்போது இங்கு எவரும் வசிப்பதில்லை' என்ற வசனத்தைச் சேர்த்தவர்: டன்பிரே மைந்தன். தை மாதம் மூன்று முறையும் நாலு நாலு நிமிடத்தில் எங்களை அழித்தவர்: டன்பிரே மைந்தன். சொந்த ஆய்வு என்று எழுதியவரும் அவர்தான். அம்மாவின் படத்தைத் தூக்கிப்போட்டவரும் அவர்தான்.

பங்குனி மாதம். அண்ணன் மகள் சுதர்ஷினியின் நிச்சயதார்த்தத்துக்கு முந்திய வாரம்.

எப்படி அவர் வீட்டுக்கு நடந்தேன் என்று தெரியாது. அண்ணன் முன்னறையில் இருந்தார். சுவரில் குழு கொடுத்த சான்றிதழ், சட்டம் போட்டு மாட்டியிருந்தது: நம்பகமான தொகுப்பாளர். நான் கொப்பியை மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"ஏன்டா இதையெல்லாம் தோண்டுற?" என்றார். "மாப்பிள்ள வீடு வெள்ளவத்த, பெரிய எடம். டன்பிரேன்னு போன்ல தேடுவாங்கன்னு எனக்குத் தெரியும். தேடுனாங்க. சம்பந்தியே எங்கிட்ட கேட்டாரு, அங்க இப்ப யாரும் இல்ல போலன்னு. லயத்துக் காம்பராவுல எங்கம்மா இருக்குன்னு என்னைய சொல்லச் சொல்றியா? நான் என்ன கெட்டதா எழுதுனேன்? எல்லாரும் போயிட்டாங்கன்னா முன்னேறிப் போயிட்டாங்கன்னு தானே அர்த்தம்? ஒரு வகையில அது நம்ம சமூகத்துக்குப் பெருமடா."

"வெடிப்புல இப்ப காலு போகுதுண்ணே. ஆடி முடியப் பட்டியல் மூடுறாங்க. ஒரு வரி. நீங்க எழுதுனது, நீங்களே திருத்துங்க."

"இப்ப எப்பிடிடா? அப்ப ஆதாரம் இல்லாம இருந்துச்சு, திருத்தியிருக்கலாம். இப்ப குழு அறிக்க வந்துருச்சு. அதுக்கு எதிரா எழுதுனா சொந்த ஆய்வு. வேற யாரும் எழுதுனாலும் நான்தான் அழிக்கணும், அது என் பொறுப்பு." கடைசியாக, "அம்மாவுக்குச் சொல்லிறாத" என்றார்.

பொன்னாடை போர்த்தின தோளை அடிக்கக் கை வரவில்லை. பேனருக்குக் கம்பு நட்ட கை இது. பாவி, எங்களையெல்லாம் கொடித் துணியோடு துணியாக உருவி மடித்து வைத்துவிட்டானே என்று மனதுக்குள் திட்டினேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அதற்குள் மழை தொடங்கியிருந்தது.

நிரஞ்சனிடம் போனேன். அவர் அறிக்கையைத் தட்டிக் காட்டினார். "முந்தி அது வெறும் இணையப் பக்கம். இப்ப உறுதிப்படுத்தின இணையப் பக்கம்" என்றார். இந்தத் தடவையும் கதவு வரை வந்தார்.

பின்னேரம் லயத்துக்கு வந்தபோது அம்மா இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தது. என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து, என்ன போட்டிருக்கான் படி என்றது. படித்தேன். கடைசி வரி வரை படித்தேன்.

"நான் உசிரோட குத்துக்கல்லு மாதிரி இங்க ஒக்காந்திருக்கேன். எந்தக் கட்டையில போவான் இப்பிடி எழுதுனது?"

"யாரு வேணும்னாலும் எழுதலாமாம் அம்மா" என்றேன்.

"அப்பப் பெரியவன்கிட்ட சொல்லு. அவன் படிச்சவன். ஒரு நிமிசத்துல திருத்திப் போட்டுருவான். போனைப் போடு."

மழை விடட்டும்மா என்றேன். அம்மா விடவில்லை. போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ராசா, எவனோ நம்ம லயத்துல ஆளே இல்லன்னு எழுதிப்புட்டானாம்ப்பா. நான் இருக்கேன்னு ஒரு வரி எழுதி விட்டுருப்பா. ஒங்கைய்யா உசிரு போன வீடு. மழை வேற புடிச்சுக்கிச்சு. என்னப்பா?"

"சரிம்மா. பாக்குறேன்" என்றார் அண்ணன்.

மறுநாள் பத்து மணிக்கு நஸார் நானாவின் கடையில் நின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்போதும் நம்பிக்கை இருந்தது. பெற்ற தாய் வாய் விட்டுக் கேட்டிருக்கிறது அல்லவா? நஸார் நானா வரலாற்றைத் திறந்தார். முந்திய நாள் பின்னேரம், அம்மா போனை வைத்துப் பதினோரு நிமிடத்தில், டன்பிரே மைந்தன் அந்த வசனத்தைத் திருத்தியிருந்தார்!

பக்கத்தைத் திறந்தோம். "தற்போது இங்கு எவரும் வசிப்பதில்லை." முற்றுப்புள்ளிக்குப் பக்கத்தில் மட்டும் புதிதாகச் சின்னதாக ஒரு இலக்கம் இருந்தது. அமுக்கினால் கீழே அடிக்குறிப்பு: விசேட குழு அறிக்கை, பக்கம் நாற்பத்தொன்று. பக்கவாட்டில் ஒரு படமும் சேர்த்திருந்தார், ட்ரோன் எடுத்தது. வெறும் கொடி, புகையில்லாத கூரை, வரிசையாகப் பூட்டு. ஐந்தாவது கதவில் தொங்குவது நான் போட்ட பூட்டு.

நஸார் நானா அன்று என்னிடம் காசு வாங்கவில்லை.

நனைந்துகொண்டே இருநூற்றுப் பன்னிரண்டு படியும் இறங்கினேன். பின்பக்க வெடிப்பில் ராத்திரி மழைத் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. அம்மா துணிகளைக் கொடியில் போடாமல் அடுப்புக்கு மேலே காயப்போட்டிருந்தது.

"திருத்திட்டானா?" என்றது.

"திருத்திட்டாரும்மா" என்றேன்.

"நான் சொல்லல?" என்று அம்மா சிரித்துவிட்டு, ரொட்டியைப் புரட்டிப் போட்டது. சான்று ஒன்றும் கேட்கவில்லை.